720×576 என்பது படத்தின் வடிவம் அல்ல

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். கேமராவில் எடுத்த 1920×1080 வீடியோவை டிவிடியாக மாற்றப் பார்க்கிறீர்கள். மென்பொருள் 720×576 கேட்கிறது. 1920-ஐ 1080-ஆல் வகுத்தால் 1.78 வருகிறது, 720-ஐ 576-ஆல் வகுத்தால் 1.25 வருகிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று ‘விகிதத்தை மாற்றாதே’ என்ற பெட்டியில் டிக் போட்டீர்கள். அது படத்தை 720×405 ஆக்கி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து, 16:9 டிஸ்க்காக எழுதிக் கொடுத்தது. டிவியில் போட்டால் எல்லோரும் குட்டையாக, அகலமாகத் தெரிகிறார்கள். அதே டிஸ்க்கில் ஒரு பழைய 640×480 கிளிப்பும், ஃபோனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த ஒரு கிளிப்பும் சேர வேண்டும். எந்த அளவு கொடுப்பது என்று கேட்கிறீர்கள். அளவைச் சொல்வதற்கு முன், டிவிடியில் படத்தின் வடிவத்தை எது தீர்மானிக்கிறது என்று பார்த்துவிடுவோம். அது புரிந்தால் மூன்று கிளிப்புக்கும் எண்களை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

பழைய டேப்புகளை டிஸ்க்குக்கு மாற்றும் வேலையைப் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். திரும்பத் திரும்ப என்னிடம் வந்த புகார் இதுதான்: கணினியில் நன்றாக இருந்தது, டிவியில் முகம் மாறிவிட்டது. காரணம் பெரும்பாலும் ஒன்றே. கணினியில் வேலை செய்து பழகிய நமக்கு, பிக்சல் என்றால் சதுரம். டிவிடியில் அது சதுரம் கிடையாது.

இதன் வேர் டிவிடிக்கு முந்தையது. தொலைக்காட்சி சிக்னலை எண்களாக மாற்றுவதற்கான உலகப் பொதுத் தரம் 1982-இல் வந்தது. இன்று அதை பிடி.601 என்கிறார்கள். 625 வரி முறைக்கும் 525 வரி முறைக்கும் ஒரே வேகத்தில், நொடிக்கு 1 கோடியே 35 லட்சம் தடவை, சிக்னலை அளப்பது என்று முடிவு செய்தார்கள். அதனால் இரண்டு முறையிலும் ஒரு வரிக்கு 720 புள்ளிகள் கிடைத்தன. ஆனால் திரையில் தெரியும் வரிகள் ஒன்றில் 576, இன்னொன்றில் 480. டிவி திரை இரண்டு இடத்திலும் 4:3 தான். ஒரே வடிவமுள்ள திரையை ஒருவர் 720×576 கட்டங்களாகவும் மற்றவர் 720×480 கட்டங்களாகவும் பிரித்தால், கட்டம் எப்படிச் சதுரமாக இருக்கும்? 625 வரி முறையில் அது சற்று அகலமானது, 525 வரி முறையில் சற்று உயரமானது. டிவிடி இந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டது. பேச்சு வழக்கில் 576 வரியை ‘பால்’ என்றும் 480 வரியை ‘என்டிஎஸ்சி’ என்றும் சொல்கிறோம். முதலாவதில் நொடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 முழுப் படங்கள்; இரண்டாவதில் 29.97.

ஆக, 720×576 என்பது எத்தனை கட்டம் என்று மட்டும்தான் சொல்கிறது. அந்தக் கட்டங்களை எந்த வடிவத் திரையில் விரிக்க வேண்டும் என்பதை டிஸ்க்கில் எழுதியிருக்கும் ஒரு குறி சொல்கிறது. அந்தக் குறிக்கு இரண்டே மதிப்புகள் உண்டு: 4:3 அல்லது 16:9. மூன்றாவது கிடையாது. 2.40:1 சினிமாவாக இருந்தாலும், நிமிர்ந்த ஃபோன் வீடியோவாக இருந்தாலும், இந்த இரண்டில் ஒன்றின் உள்ளேதான் உட்கார வேண்டும். 720×576 படத்துக்கு 4:3 குறி போட்டால் பிளேயரும் டிவியும் சேர்ந்து அதை ஏறத்தாழ 768×576 சதுரப் பிக்சல் படத்தின் வடிவத்தில் காட்டும். அதே படத்துக்கு 16:9 குறி போட்டால் 1024×576 வடிவத்துக்கு இழுத்துக் காட்டும். 480 வரியில் இதே கணக்கு 640×480, 853×480 என்று வரும்.

இதை வைத்து உங்கள் டிஸ்க்கைப் பாருங்கள். 720×405 என்பது சதுரப் பிக்சல் கணக்கில் சரியான 16:9. அந்தப் படத்தை 576 வரியின் நடுவில் வைத்து, முழு ஃப்ரேமுக்கும் 16:9 குறி போட்டதும், டிவி மொத்தத்தையும் பக்கவாட்டில் இழுத்துவிட்டது. உள்ளே இருக்கும் படம் 1.78-க்குப் பதில் 2.53 ஆகிவிடுகிறது. அதாவது ஒவ்வொரு முகமும் 42 சதவீதம் அகலம் கூடிவிட்டது. மென்பொருள் உங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை, நீங்கள் கேட்டபடி விகிதத்தைக் காப்பாற்றியது. ஆனால் பிக்சல் எண்ணிக்கையின் விகிதத்தைக் காப்பாற்றியது; திரையில் தெரியும் விகிதத்தை அது கணக்கில் எடுக்கவில்லை. டிவிடி வேலையில் அந்தப் பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன்.

உங்கள் முக்கிய வீடியோவுக்கான பதில் ரொம்ப எளிது. 1920×1080-ஐ எந்தப் பட்டையும் இல்லாமல் நேரடியாக 720×576-க்குச் சுருக்குங்கள், 16:9 குறி போடுங்கள், முடிந்தது. சுருக்கிய படத்தை எடிட்டிங் திரையில் சதுரப் பிக்சலாகப் பார்த்தால் எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாகத் தெரிவார்கள். பயப்பட வேண்டாம். திரையில் இழுபடும்போது சரியாகிவிடும். இந்த முறைக்கு அனமார்ஃபிக் என்று பெயர். அகலப் படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதிவு செய்து, காட்டும்போது விரிப்பது. 576 வரியும் படத்துக்கே போய்ச் சேருவதால் தெளிவும் கூடுகிறது. உங்கள் பழைய டிஸ்க்கில் 171 வரிகள் வெறும் கறுப்புக்குப் போயின.

மற்ற எல்லா அளவுக்கும் ஒரே ஒரு விதி போதும். முதலில் உங்கள் மூலப் படம் திரையில் தெரியும் விகிதத்தைக் கண்டுபிடியுங்கள். அதை டிஸ்க்கின் குறியோடு ஒப்பிடுங்கள். மூலம் குறியைவிட அகலம் என்றால், அகலம் 720 அப்படியே இருக்கட்டும். குறியின் விகிதத்தை மூலத்தின் விகிதத்தால் வகுத்து 576-ஆல் பெருக்கினால் உயரம் கிடைக்கும். மீதி மேலும் கீழும் கறுப்பு. மூலம் குறியைவிடக் குறுகல் என்றால், உயரம் 576 அப்படியே. மூலத்தின் விகிதத்தைக் குறியின் விகிதத்தால் வகுத்து 720-ஆல் பெருக்கினால் அகலம் கிடைக்கும். மீதி இடமும் வலமும் கறுப்பு. 480 வரி டிஸ்க் என்றால் 576 வரும் இடத்தில் 480 போடுங்கள்.

உங்கள் 640×480 கிளிப்பில் இதைச் செய்து பார்ப்போம். அது 4:3, டிஸ்க் 16:9. 1.333-ஐ 1.778-ஆல் வகுத்தால் 0.75. அதை 720-ஆல் பெருக்கினால் 540. ஆக 540×576-க்கு மாற்றி, இரு பக்கமும் 90 பிக்சல் கறுப்பு. ஃபோன் கிளிப் 9:16, அதாவது 0.5625. அதை 1.778-ஆல் வகுத்து 720-ஆல் பெருக்கினால் 227.8 வருகிறது. 228×576 என்று வைத்து, இரு பக்கமும் 246 கறுப்பு விடுங்கள். இரட்டைப்படைக்கு முழுமையாக்கியது வேண்டுமென்றேதான். டிவிடியில் நிறத் தகவல் இரண்டு பிக்சலுக்கு ஒரு முறைதான் பதிவாகிறது, அகலத்திலும் அப்படித்தான், உயரத்திலும் அப்படித்தான். ஒற்றைப்படையில் பட்டை முடிந்தால் ஓரத்தில் நிறம் கசிந்தது போல ஒரு கோடு தெரியும். அரை பிக்சல், ஒரு பிக்சல் பிசகுவதால் முகம் மாறாது.

பின்னால் உதவும் என்பதால் சினிமா அளவையும் சொல்லிவிடுகிறேன். 1920×800 கோப்பு என்றால் விகிதம் 2.40. 16:9 டிஸ்க்கில் அதன் உயரம் 426.7, 428 என்று வைத்து மேலும் கீழும் 74 விடலாம். அதே படம் 1920×1080 கோப்பாக, பட்டைகள் ஏற்கனவே படத்தோடு சேர்ந்தே இருந்தால் எந்தக் கணக்கும் வேண்டாம், நேராக 720×576 ஆக்கினால் போதும். இங்கே பலர் தடுமாறுகிறார்கள். பட்டை இருக்கிற படத்துக்கு மென்பொருள் இன்னொரு முறை பட்டை போட்டுவிடும். சுருக்குவதற்கு முன் ஒரு ஃப்ரேமை நிறுத்தி, கறுப்பு கோப்புக்குள்ளேயே இருக்கிறதா, பிளேயர் போடுகிற கறுப்பா என்று பார்த்துவிடுங்கள்.

கோப்பின் பிக்சல் எண்ணிக்கையை வைத்து மூலத்தின் விகிதத்தை முடிவு செய்வதும் ஆபத்துதான். டேப்பில் பதியும் எச்டிவி (HDV) வகைக் கேமராக்கள் 1440×1080 என்று எழுதும். வகுத்தால் 4:3 போலத் தெரியும், ஆனால் அது 16:9 படம். டிவி கேமராவின் 720×576 கோப்பு 4:3 ஆகவும் இருக்கலாம், 16:9 ஆகவும் இருக்கலாம். ஃபோன்கள் பெரும்பாலும் நிமிர்ந்த வீடியோவைப் படுக்கையாகவே எழுதி, ‘90 டிகிரி திருப்பிக் காட்டு’ என்று ஒரு குறிப்பைச் சேர்த்து வைக்கும். பழைய மென்பொருள்கள் சில அந்தக் குறிப்பைப் படிக்காமல் படத்தைச் சாய்த்துப் போட்டுவிடும். மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் கோப்பைத் திறந்தால் திரை விகிதமும் சுழற்சிக் குறிப்பும் தனித்தனியே காட்டும். நான் எந்தக் கோப்பையும் முதலில் அதில் திறந்துவிட்டுத்தான் கணக்குப் போடுவேன்.

4:3 கிளிப்பை 16:9 ஃப்ரேமுக்குள் வைக்காமல், அதற்கு மட்டும் 4:3 குறி போட முடியாதா என்று அடுத்து கேட்பீர்கள். முடியும். ஆனால் டிஸ்க்கில் வீடியோக்களைத் தொகுத்து வைக்கும் பிரிவான ஒரு டைட்டில் செட்டுக்குள் இருக்கும் எல்லா வீடியோவுக்கும் விகிதம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது டிவிடி விதி. அதனால் அதற்குத் தனி டைட்டில் செட் போட வேண்டும், அதை ஆதரிக்கும் ஆத்தரிங் மென்பொருள் (வீடியோவையும் மெனுவையும் டிவிடி அமைப்பாகக் கோப்பது) வேண்டும், மெனுவிலிருந்து தனியாக இணைக்கவும் வேண்டும். பழைய வீடியோ டேப்பிலிருந்து வந்த கிளிப் என்றால் இந்தப் பாடு தேவையில்லை என்பது என் கருத்து. வீட்டு வீடியோ டேப்பான விஎச்எஸ்ஸில் உள்ள விவரம் திரையின் அகலம் முழுக்கச் சுமார் 320 புள்ளிகளுக்கு மேல் போகாது. 540 தாராளம். ஆனால் டிஸ்க் முழுக்க 4:3 படமே இருந்தால், மறு யோசனை இல்லாமல் 4:3 குறி போட்டு 720 அகலத்தையும் பயன்படுத்துங்கள்.

இதுவரை சொன்னதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இனி வருவதில் விவரம் தெரிந்தவர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். 720 புள்ளிகளும் சேர்ந்துதான் 4:3 திரையா, அல்லது நடுவில் உள்ள 702, 704 புள்ளிகள்தான் திரையா? பிடி.601 கணக்கைக் கண்டிப்பாகப் பார்த்தால், 625 வரி முறையில் ஒரு வரியில் படம் இருக்கும் நேரம் 52 மைக்ரோநொடி. அதில் 702 புள்ளிகள்தான் அடங்கும். மீதி, ஓரத்தில் வைத்த கூடுதல் இடம். அந்தக் கணக்கில் பிக்சலின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் 1.094, 720-ம் திரை என்று வைத்தால் 1.067. இதனால்தான் ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வோர் எண் காட்டுகிறது. டேப்பிலிருந்து பதிவு செய்த படத்தில் இரு ஓரத்திலும் மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் அது 702 வகை. அதை வெட்டி இழுக்காமல் அப்படியே விடுவது நல்லது. உங்களைப் போல எச்டியிலிருந்து வருபவர்கள் முழு 720-ஐயும் பயன்படுத்தலாம், பெரும்பாலான மென்பொருள்களும் அப்படித்தான் செய்கின்றன. எந்தப் பக்கம் போனாலும் வித்தியாசம் 2.5 சதவீதம்தான். பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தவிர கண்ணுக்குத் தெரியாது. இதில் நேரத்தைச் செலவழிக்காமல், ஒரு டிஸ்க் முழுக்க ஒரே முறையைப் பின்பற்றுங்கள்.

இன்டர்லேஸ் விஷயத்தை மட்டும் அப்படி ஒதுக்கிவிட முடியாது. உங்கள் 1920×1080 வீடியோ இன்டர்லேஸ் செய்த 1080ஐ (1080i) வகையா, அப்படிச் செய்யாத 1080பி (1080p) வகையா என்று பாருங்கள். ஐ என்றால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் இரண்டு வெவ்வேறு நொடித்துணுக்குகள் வரி மாற்றி வரி பின்னப்பட்டிருக்கும். அதை அப்படியே உயரத்தில் சுருக்கினால் இரண்டும் கலந்து, அசையும் கைகளும் முகங்களும் சீப்புப் பல் போலக் கிழிபடும். அதற்குப் பிறகு எந்த வடிகட்டியாலும் அதைப் பிரித்தெடுக்க முடியாது. முதலில் ஒவ்வொரு ஃபீல்டையும், அதாவது பின்னலில் உள்ள ஒவ்வொரு துணுக்கின் வரிகளையும், தனி ஃப்ரேமாக விரித்து, பிறகு சுருக்கி, கடைசியில் மீண்டும் பின்ன வேண்டும். இந்த வசதி உங்கள் மென்பொருளில் இல்லையென்றால், நல்ல முறையில் டீஇன்டர்லேஸ் செய்து, அதாவது பின்னலை நீக்கி, 25 ஃப்ரேமாக மாற்றிவிட்டுச் சுருக்குங்கள். அசைவின் வழவழப்பு கொஞ்சம் குறையும், படம் கிழியாது. ஏற்கனவே 720×576 இன்டர்லேஸ் படமாக இருக்கும் டேப் பதிவைத் தொடவே வேண்டாம். ஃபீல்டு வரிசையை, அதாவது எந்த ஃபீல்டு முதலில் வர வேண்டும் என்பதை, சரியாகச் சொல்லி நேராக என்கோட் செய்தாலே (டிவிடிக்கான வீடியோவாகச் சுருக்கி எழுதினாலே) போதும்.

எச்டியைச் சுருக்கும்போது நிறக் கணக்கும் மாறுகிறது. எச்டி பிடி.709 முறையில் நிறத்தை எழுதுகிறது, டிவிடி பிடி.601 முறையில். அதை மாற்றாமல் விட்டால் பச்சையும் தோலின் நிறமும் சற்றே பிசகும். பல மென்பொருள்கள் தாமாகவே மாற்றிவிடும். உங்களுடையது மாற்றுகிறதா என்று அமைப்புகளில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, டிஸ்க் எழுதியாகிவிட்டது, டிவியில் இன்னும் தப்பாகத் தெரிகிறது என்றால் எங்கே தேடுவது? படம் திரையை முழுக்க நிரப்பவில்லை, பக்கங்களில் கறுப்பு, ஆட்கள் ஒல்லி நெட்டை என்றால், அனமார்ஃபிக் படத்துக்கு 4:3 குறி விழுந்திருக்கிறது. இதற்காக மறுபடி என்கோட் செய்ய வேண்டியதில்லை. குறியை மட்டும் திருத்தி மறுபடி ஆத்தர் செய்தால் போதும். ஆட்கள் அகலம், மேலும் கீழும் பட்டை என்றால் உங்களுக்கு நேர்ந்த அதே சதுரப் பிக்சல் கணக்கு. இதற்குக் குறியைத் திருத்தி முழுமையாகத் தப்ப முடியாது. உங்கள் பழைய டிஸ்க்கையே 4:3 குறிக்கு மாற்றினாலும் உயரம் 432 இருக்க வேண்டிய இடத்தில் 405 இருக்கிறது, 7 சதவீதம் அகலம் மிஞ்சும். மறுபடி சுருக்குவதுதான் வழி. நாலா பக்கமும் கறுப்புச் சட்டம், நடுவில் சிறிதாகச் சரியான வடிவத்தில் படம் என்றால், 16:9 படத்தைப் பட்டையோடு 4:3 ஃப்ரேமில் வைத்து, அதை அகல டிவியில் பார்க்கிறீர்கள்.

குறி இரண்டு இடத்தில் எழுதப்படுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்: டிவிடி வீடியோவின் வடிவமான எம்பெக்-2 கோப்பின் தலைப்பில் ஒன்று, டிஸ்க்கின் அமைப்பை விவரிக்கும் ஐஎஃப்ஓ (IFO) கோப்பில் ஒன்று. வீட்டு டிவிடி பிளேயர்கள் பொதுவாக ஐஎஃப்ஓ சொல்வதைக் கேட்கும். கணினியில் உள்ள சில பிளேயர்கள் வீடியோவின் தலைப்பைப் படிக்கும். இரண்டும் முரண்பட்டால் கணினியில் சரி, டிவியில் தப்பு என்ற குழப்பம் வரும். கூடவே பிளேயரின் அமைப்பில் டிவி வடிவம் 16:9 என்று இருக்கிறதா என்றும், டிவியின் ரிமோட்டில் யாராவது ‘ஜூம்’ அல்லது ‘வைட்’ போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். நான் ஒரு முறை இரண்டு நாள் ஒரு டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப எழுதினேன். கடைசியில் பார்த்தால் அந்த வீட்டு பிளேயர் 4:3 டிவி என்று அமைக்கப்பட்டிருந்தது. டிஸ்க்கில் பிழையே இல்லை.

உங்கள் டிவியும் பிளேயரும் என் கண்முன் இல்லாததால், மொத்தத்தையும் எழுதுவதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொல்கிறேன். 1920×1080 வெற்றுப் படம் ஒன்றில் நடுவில் ஒரு முழு வட்டம் வரையுங்கள். நான்கு ஓரங்களிலும் 5 சதவீதம் உள்ளே தள்ளி ஒரு சட்டமும் போடுங்கள். அதைப் பத்து நொடி வீடியோவாக்கி, மேலே சொன்ன வழியில் 720×576 ஆகச் சுருக்கி, 16:9 குறி போட்டு, அழித்து எழுதக்கூடிய டிஸ்க் ஒன்றில் எழுதுங்கள். டிவியில் போட்டு, அளவுகோலை வைத்து வட்டத்தின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள். கண்ணை நம்ப வேண்டாம், இழுபட்ட படத்துக்குக் கண் சீக்கிரம் பழகிவிடும். இரண்டும் 2, 3 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் உங்கள் கணக்கும் குறியும் பிளேயர் அமைப்பும் சரி. சட்டத்தின் கோடுகள் திரைக்கு வெளியே போயிருந்தால் டிவி ஓரங்களை வெட்டுகிறது. அப்படியானால் எழுத்துகளை எல்லாம் இன்னும் உள்ளே தள்ளி வையுங்கள். வட்டம் முட்டையாக வந்தால் அளந்த இரண்டு எண்களையும், மீடியாஇன்ஃபோ காட்டுவதையும் இங்கே எழுதுங்கள். முட்டை எந்தப் பக்கம், எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதை வைத்தே பிழை எந்த இடத்தில் என்று சொல்லிவிடலாம்.